இந்தத் தடவை இடைவேளையில் நான் எழுந்து வரமாட்டேன்

மக்கா,

இந்தக் கடிதத்தை உன் கையில் தருகிறவரிடம் ஒரு பொட்டலம் வறுத்த ஏத்தங்காய் உப்பேரியும் கொடுத்துவிட்டிருக்கிறேன். முதலில் அதைத் தின்று முடி. வெறும் வயிற்றில் உனக்குக் கோபம் சீக்கிரம் வரும். உன் அப்பாவுக்கும் அப்படித்தான். தின்றாயிற்றா? சரி. போன மாதம் நீ மஸ்கட்டிலிருந்து போனில் கூப்பிட்டபோது, நம் படக்கொட்டகையில் ஓட்டை விழுந்த கூரைத் தகடுகளை மட்டும் மாற்றிக்கொண்டிருக்கிறேன் என்று சொன்னேன் அல்லவா? அது பொய் இல்லை. தகடுகளை மாற்றினேன். மாற்றி முடித்த பிறகு நிறுத்தவில்லை, அவ்வளவுதான். சுவருக்கு வெள்ளையடித்தேன். நாற்காலிகளுக்குப் பிரம்பு பின்னவைத்தேன். புதுத் திரை கட்டியாயிற்று. புரொஜெக்டர் ஓடுகிறது மக்கா, சத்தியமாக ஓடுகிறது, நேற்று அதன் சத்தத்தைக் கேட்டு எனக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. ஈஸ்டர் ஞாயிறு சாயங்காலம் முதல் ஷோ. நீ அதற்கு முந்தின நாள்தான் விமானத்தில் வந்து இறங்குகிறாய். எழுத்து கோணலாக இருந்தால் பொறுத்துக்கொள், நிதானமாக உட்கார்ந்து எழுத முடியவில்லை.

உன் பக்கத்து நியாயம் எனக்குத் தெரியும். கட்டடம் உன் பேரில் இருக்கிறது. ஆறு வருடமாகப் பூட்டிக் கிடக்கிற கொட்டகையைக் கல்யாண மண்டபமாக்க வேண்டும், அதில் முதல் கல்யாணம் உன்னுடையதும் பிந்துவுடையதுமாக இருக்க வேண்டும் என்று நீ ஆசைப்பட்டாய். நானும் போனில் "ஆகட்டும் மக்கா" என்றேன். மேட மாதக் கடைசியில் கல்யாணம். விஷு கழிந்த மறுநாள் கான்டிராக்டர் ஆட்களோடு வந்து, சரிவான தரையை மட்டமாக்கி, நாற்காலிகளைப் பிடுங்கிப் போட்டு, திரை இருக்கிற சுவரை இடித்து மணமேடை கட்டுவார் என்று பேச்சு. நீ அவருக்கு வாக்குக் கொடுத்திருக்கிறாய். அந்த வாக்கை நீ திரும்ப வாங்கிக்கொள்ள வேண்டும். சுற்றி வளைக்கவில்லை, அதைக் கேட்கத்தான் இந்தக் கடிதம். நீ வேண்டாம் என்று சொன்னால் ஒரு செங்கல்லையும் நான் காப்பாற்ற முடியாது. இன்னொன்றையும் இப்போதே சொல்லிவிடுகிறேன்: கொட்டகை நடத்துகிற லைசன்ஸை இந்த ஆறு வருடமும் நான் விடாமல் புதுப்பித்துக்கொண்டுதான் இருந்தேன். அதையும் உன்னிடம் சொல்லவில்லை. தாய்க்கு இந்த அளவு திருட்டுத்தனம் கூட இல்லாவிட்டால் பிள்ளை வளர்க்க முடியாது.

எப்படித் தொடங்கியது என்று கேட்பாய். மகர மாதத்தில் கூரை ஆட்களுக்குக் கதவைத் திறந்துவிடப் போனேன். கூட நம் பழைய ஆபரேட்டர் செல்லப்பண்ணன் வந்தார். உள்ளே வௌவால் நாற்றம், ஒட்டடை, ஒரு நாற்காலியில் பூனை குட்டி போட்டிருந்தது. எனக்கு ஒன்றும் தோன்றவில்லை என்று சொன்னால் நம்பு. ‘இதையெல்லாம் வாரி வெளியே போட எத்தனை வண்டி வேண்டும்’ என்றுதான் கணக்குப் போட்டேன். பிறகு புரொஜெக்டர் இருக்கிற கேபினுக்கு ஏறினோம். ரோட்டுப் பக்கத்து ஜன்னலைப் பலகை வைத்து அடைத்திருந்ததால் கும்மிருட்டு. பலகையில் ஒரு கணு உதிர்ந்து சின்ன ஓட்டை. கண் இருட்டுக்குப் பழகியதும் எதிர்ச்சுவரில் ஏதோ ஊர்ந்தது. பாம்பு என்று நினைத்துக் கத்திவிட்டேன். பாம்பு இல்லை, பஸ். சக்கரம் மேலே, கூரை கீழே, களியக்காவிளை போகிற பஸ் தலைகீழாகச் சுவரில் போயிற்று. அதன் பின்னால் தலைகீழாக ஒரு சைக்கிள். அதன் பின்னால் தலைகீழாக ஒரு குடை, குடைக்கு மேலே ஒரு ஆள்.

"இது என்னதுண்ணே?" என்றேன். செல்லப்பண்ணன் பீடியைக் காதில் செருகிக்கொண்டு சாவகாசமாகச் சொன்னார்: "ஓட்ட வழியா வெளிச்சம் வருதில்லியா, அப்பம் ரோடு இங்க வந்து விழும். நான் மத்தியானம் இங்க கெடக்கும்பம் எப்பவும் காணுவேன். டிக்கெட்டும் வேண்டாம், ரீலும் வேண்டாம். பூட்டிப் போட்டாலும் இந்தச் சவத்துக் கொட்டகைக்கு வேற வேல தெரியாதாக்கும்." நான் சிரித்தேன். சிரித்துவிட்டு, கூரைக்காரர்கள் கீழே நின்று கூப்பிடக் கூப்பிட, அங்கேயே ஸ்டூலில் உட்கார்ந்து உதியன்குளங்கரைக்குப் போகிற சனத்தையெல்லாம் தலைகீழாகப் பார்த்துக்கொண்டிருந்தேன். கீழே இறங்கியபோது எனக்கு முடிவாகிவிட்டது. அன்று சாயங்காலமே செல்லப்பண்ணனைப் புரொஜெக்டரைக் கழற்றச் சொன்னேன்.

உன் அப்பா அந்தக் கொட்டகையை எப்படி நடத்தினார் என்று உனக்கு முழுக்கத் தெரியாது. உனக்கு அது தினம் போகிற இடம், அதனால் கவனித்திருக்கமாட்டாய். நம் ஊரில் பாதிப் பேர் தமிழ் பேசிக்கொண்டு மலையாளத்தில் கணக்குப் பார்ப்பார்கள், மீதிப் பேர் மலையாளம் பேசிக்கொண்டு தமிழில் சண்டை போடுவார்கள். அதனால் வாரத்தை இரண்டாக வெட்டினார். வெள்ளி முதல் திங்கள் வரை மலையாளப் படம், செவ்வாய் முதல் வியாழன் வரை தமிழ்ப் படம். தமிழ்ப் பெட்டி நாகர்கோவிலிலிருந்து வரும், மலையாளப் பெட்டி திருவனந்தபுரத்திலிருந்து வரும். நான் மார்த்தாண்டத்துக்காரி, கட்டிக்கொண்டு வந்த புதிதில் தமிழுக்கு மூன்று நாள்தானா என்று மூக்கைச் சிந்தினேன். அவர் சொன்னார்: "ஒரு திரையில ரெண்டு பாஷையும் ஓடும். ஒரே நேரத்தில ஓடாது, கேட்டியா?" அப்போது எரிச்சலாக வந்தது. இப்போது அதை நான் உனக்குச் சொல்கிறேன். பிந்து காட்டாக்கடைக்காரி, வீட்டில் மலையாளம்தான் பேசுவாள், பேச ஆரம்பித்தால் நிறுத்தமாட்டாள். நீயும் லேசுப்பட்டவன் இல்லை. அவள் பேசும்போது நீ வாயை மூடிக் கேள். உன் முறை வரும்போது அவள் கேட்பாள். கல்யாணத்தைப் பற்றி எனக்குத் தெரிந்த புத்தி அவ்வளவுதான், மீதியெல்லாம் போகப்போகத் தெரியும்.

இப்போது எனக்கே வெட்கமான ஒரு விஷயம் சொல்லப்போகிறேன், பிந்துவின் வீட்டில் போய்ச் சொல்லாதே. கொட்டகைக்காரர் பெண்டாட்டியாக இத்தனை வருடம் இருந்தும் நம் கொட்டகையில் ஒரு படத்தைக்கூட நான் முழுக்கப் பார்த்ததில்லை. படப்பெட்டியோடு கம்பெனியின் ஆள் ஒருவர் வருவார் அல்லவா, ரெப் என்று சொல்வோமே, அவருக்கு ராத்திரிச் சாப்பாடு முதலாளி வீட்டில்தான். ஹோட்டலில் போய்ச் சாப்பிட்டால் நமக்குக் குறைச்சல். முதல் ஷோ முடிந்ததும் இலை போட வேண்டும், சோறு சூடாக இருக்க வேண்டும். ஆகவே இடைவேளை மணி அடித்ததும் நான் எழுந்து வீட்டுக்கு நடந்துவிடுவேன். கதாநாயகி வீட்டைவிட்டுத் துரத்தப்படுவாள், நான் போய் அரிசி களைவேன். அண்ணனும் தம்பியும் அடையாளம் தெரியாமல் எதிரெதிரே நிற்பார்கள், நான் மீன் கழுவுவேன். எனக்குத் தெரிந்த படங்கள் எல்லாமே பாதிப் படங்கள்தான் மக்கா.

மீதிக் கதையை உன் அப்பா சாப்பிடும்போது சொல்வார். அழகாகச் சொல்வார், கையில் சோற்று உருண்டையை வைத்துக்கொண்டே சண்டைக் காட்சி எல்லாம் காட்டுவார். ஒரு தடவை மார்த்தாண்டத்தில் ஒரு கல்யாண வீட்டில் என் சித்தி மகள், "அந்தப் படத்தில அவ கடைசியில செத்துப் போவாளே, எனக்குத் தாங்கல" என்றாள். நான் விடவில்லை. "யாரு சொன்னா? அவ பொழச்சு எழுந்து ரெண்டு பிள்ளையும் பெத்தா" என்று பந்தியில் வைத்தே சண்டை போட்டேன். அத்தனை பேரும் என்னைப் பார்த்துச் சிரித்தார்கள். வீட்டுக்கு வந்து உன் அப்பாவைப் பிடித்துக் கேட்டால், திருட்டு முழி முழித்தார். பல வருடமாக இதுதான் வேலையாம். அவர் சொன்ன கதைகளில் யாருமே சாகவில்லை. "நீ கரஞ்சிட்டே வெளம்பினா ரெப்புக்கு என்ன தோணும்?" என்று ஒரு சமாதானம் வேறு, நான் அழுதுகொண்டே பரிமாறக்கூடாதாம். இரண்டு நாள் பேசாமல் இருந்தேன். மூன்றாம் நாள் எனக்கும் சிரிப்பு வந்துவிட்டது. தன் நோய் விஷயத்தில் மட்டும் அவரால் முடிவை மாற்றிச் சொல்ல முடியாமல் போயிற்று. அவர் கண்ணை மூடின அதே மாதத்தில் கொட்டகையைப் பூட்டினோம், உனக்கு ஞாபகம் இருக்கும்.

சரி, அழுகை போதும், வேலையைப் பற்றிச் சொல்கிறேன், அதைச் சொல்லத்தான் எனக்கு நாக்கு துடிக்கிறது. திரைத்துணி வந்தது, கட்டுவதற்கு ஆள் இல்லை. நாலு பக்கமும் கயிறு கோத்துச் சட்டத்தில் இழுத்துக் கட்ட வேண்டும், ஒரு சுருக்கம் விழக்கூடாது, விழுந்தால் கதாநாயகன் மூக்கு வளைந்துவிடும். செல்லப்பண்ணனும் தச்சரும் இரண்டு நாள் இழுத்தார்கள், துணி தொட்டில் மாதிரி தொங்கிற்று. நமக்கு மீன் கொண்டு வருகிற ஸ்டெல்லாவை உனக்குத் தெரியுமே, குளத்தூர்க் கடப்புறத்துக்காரி, கடற்கரைப் பெண். அவளிடம் புலம்பினேன். மறுநாள் தன் புருஷனையும் இரண்டு கொழுந்தன்மாரையும் கூட்டிக்கொண்டு வந்துவிட்டாள். வலை கட்டுகிற கை அல்லவா! அவர்கள் மூன்று பேரும் மூன்று பக்கம் நின்று, ஒருத்தர் குரல் கொடுக்க மற்ற இருவர் இழுக்க, மத்தியானத்துக்குள் திரை முரசு மாதிரி நின்றது. விரலால் தட்டினால் டம் என்கிறது. நான் போகிறபோதும் வருகிறபோதும் தட்டிப் பார்க்கிறேன். செல்லப்பண்ணன் "அம்மா, அது பிஞ்சிரும்" என்று திட்டுகிறார். தரை டிக்கெட்டுக்கு மணல்தான் என்று முடிவு செய்துவிட்டேன். பெஞ்சு போட்டால் குழந்தைகள் எங்கே படுத்துத் தூங்கும்?

ஆனால் ஒரு பெரிய முட்டாள்தனம் செய்ய இருந்தேன், அதையும் கேள். நல்ல நாள் பார்க்கப் போனேன். ஜோசியர் பஞ்சாங்கத்தைப் புரட்டி, கும்ப மாதத்தில் ஒரு வெள்ளிக்கிழமையைக் குறித்துக் கொடுத்தார், இதைவிட நல்ல முகூர்த்தம் இந்த வருடம் கிடையாது என்றார். நோட்டீஸ் அடிக்கக் கொடுக்கக் கிளம்பினேன். அது கடப்புறத்துக் கிறிஸ்தவர்களுக்குத் தவக்காலம் என்பது என் மண்டையில் உறைக்கவே இல்லை. ஈஸ்டர் வரைக்கும் அவர்கள் மீனைத் தவிர மற்ற கறி தொடமாட்டார்கள், படமும் பார்க்கமாட்டார்கள். பாதிக் கொட்டகை காலியாக இருந்திருக்கும். உன் அப்பா இருந்தபோது இந்த மாதிரிக் கணக்கெல்லாம் அவர் விரல் நுனியில் இருந்தது. எனக்கு இது எப்படித் தெரியவந்தது என்பதுதான் இந்தக் கடிதத்திலேயே பெரிய கதை.

படம் தொடங்குவதற்கு முன்னால் கூரை மேலே இருக்கிற கோளாம்பி ஸ்பீக்கரில் மூன்று ரிக்கார்டு போடுவோமே, நினைவிருக்கிறதா? முதலில் நாதஸ்வரம். இரண்டாவது மாதா பாட்டு. மூன்றாவது உன் அப்பாவுக்குப் பிடித்த அந்த சினிமாப் பாட்டு. நாதஸ்வரம் கேட்டால் பெண்கள் அடுப்பை அணைப்பார்கள், மாதா பாட்டுக்கு வீட்டைப் பூட்டுவார்கள், மூன்றாவது பாட்டில் வயல் வரப்பெல்லாம் ஓட்டமாக ஓடி வருவார்கள். அது முடிந்தால் விளக்கு அணையும். போன வாரம் ஒரு சாயங்காலம் செல்லப்பண்ணன் ஆம்ப்ளிஃபயரைச் சோதித்துப் பார்க்க வேண்டும் என்றார். நான் உள்ளே சுண்ணாம்பு வாளியோடு நின்றேன். பிந்துவும் இருந்தாள்; கல்யாணப் புடவைக்கு ஜாக்கெட் நிறம் காட்ட வந்தவள், தாவணியை இழுத்துச் செருகிக்கொண்டு மட்டையை வாங்கிச் சுவரில் அடிக்கத் தொடங்கிவிட்டாள். நாதஸ்வரம் கேட்டது. எனக்கு உடம்பு சிலிர்த்தது. அது முடிந்து மாதா பாட்டு. அப்போதாவது நான் போய் நிறுத்தியிருக்க வேண்டும். நிறுத்தவில்லை, கூடப் பாடினேன். செல்லப்பண்ணனுக்கோ கை பழகிய பழக்கம், ஒன்று முடிந்தால் அடுத்ததைப் போட்டுவிடும். மூன்றாவது பாட்டு பாதி ஓடும்போது வெளியே செருப்புச் சத்தம் கேட்டது.

எட்டிப் பார்த்தேன். கேட்டில் ஆட்கள்! உதியன்குளங்கரைப் பக்கமிருந்து வருகிறார்கள், வயலுக்குள்ளிருந்து வருகிறார்கள், தலை ஈரம் காயாத பெண்கள், முகம் முழுக்கப் பவுடர் அப்பின பிள்ளைகள், சட்டைப் பொத்தானைப் போட்டுக்கொண்டே ஓடி வருகிற ஆண்கள். ஒரு பெரியவர் முக்கால் கிழிந்த பாயைக் கக்கத்தில் இடுக்கியிருந்தார். ஆறு வருடம் பூட்டிக் கிடந்த கொட்டகை, ஒரு நோட்டீஸ் இல்லை, ஒரு போஸ்டர் இல்லை. "இன்னைக்குப் படம் இல்ல! ஸ்பீக்கர் டெஸ்டாக்கும்!" என்று நான் இரண்டு கையையும் ஆட்டிக் கத்துகிறேன், ஒருவரும் நகரவில்லை. பாய்க்காரர் சொன்னார்: "வந்தாச்சே அம்மா. இனி எப்படித் திரும்பிப் போவ? பொண்டாட்டி அடுப்பையும் அணச்சாச்சு."

கூட்டத்தில் ஒரு பகுதி மட்டும் கேட்டுக்கு வெளியே ஒதுங்கி நின்றது. பார்த்தால் ஸ்டெல்லாவும் கடப்புறத்துப் பெண்களும், சந்தை முடிந்து பொழியூர் பஸ்ஸைப் பிடிக்க வேண்டியவர்கள். "உள்ள வாயேன்டி" என்றேன். "நோம்பாக்கும் அக்கா, படம் காணப்பிடாது. சந்தையில நிக்கும்பம் பாட்டு கேட்டுது, காலு நிக்கல, வந்துட்டோம். நாங்க இங்கன நின்னு கேக்கோம், அது பாவமில்ல" என்றாள். அப்போதுதான் எனக்கு மண்டையில் அடித்தது. ஜோசியரின் வெள்ளிக்கிழமையை அந்த இடத்திலேயே விட்டேன். "ஈஸ்டர் அன்னைக்கு வெச்சா வருவியளா?" என்று கேட்டேன். "ஈஸ்டருக்கு வெச்சா கடலே வரும் அக்கா" என்றாள். ஈஸ்டர் கழிந்து இரண்டாம் நாள் விஷு. ரெண்டு கூட்டத்துக்கும் புதுத்துணி உடுத்துகிற வாரம். எந்த ஜோசியரும் இதைவிட நல்ல நாள் குறிக்க முடியாது.

உள்ளே வந்தவர்கள் மணலில் உட்கார்ந்துவிட்டார்கள். திரையைப் பார்த்துக்கொண்டு சும்மா உட்கார்ந்திருக்கிறார்கள் மக்கா. செல்லப்பண்ணன் கேபின் துவாரம் வழியாகத் தலையை நீட்டி, "ரீல் இல்ல. ஸ்லைடு கொஞ்சம் உண்டு. காட்டட்டா?" என்றார். "காட்டும்" என்றேன். விளக்கை அணைத்தோம். புதுத் திரையில் முதல் வெளிச்சம் விழுந்தது. என்ன விழுந்தது தெரியுமா? ‘புகை பிடிக்காதீர்கள்.’ தமிழிலும் மலையாளத்திலும். அதற்கு ஒரு விசில்! ‘முன் சீட்டில் கால் வைக்காதீர்கள்’, அதற்குக் கைதட்டு. எப்போதோ மூடிப்போன ஜவுளிக்கடை விளம்பரம், ‘இடைவேளை’, ‘விரைவில் வருகிறது’ என்று ஒவ்வொன்றாக வந்தது. ஒவ்வொன்றையும் கூட்டம் சேர்ந்து சத்தமாக வாசித்தது. வெளியே நின்ற பெண்கள் "என்னது, என்னது?" என்று கேட்க, உள்ளே இருந்தவர்கள் கத்திச் சொன்னார்கள்.

கடைசியாகக் கறுப்பாக ஒரு ஸ்லைடு வந்தது. கண்ணாடியில் கரி பூசி ஊசியால் கீறின எழுத்து. அவசரத்துக்கு அறிவிப்பு எழுத வேண்டுமென்றால் உன் அப்பா அப்படித்தான் எழுதுவார். ‘எனக்கு மகன் பிறந்திருக்கிறான். நாளைக்கு எல்லாருக்கும் தரை டிக்கெட் இலவசம்.’ நீ பிறந்த அன்று நான் நெய்யாற்றின்கரை ஆசுபத்திரியில் இருந்தேன், அவர் கொட்டகையை விட்டு வர முடியாமல் இருந்தார், பஸ் கண்டக்டர் வந்து சொன்னதும் படத்தை நடுவில் நிறுத்தி ஸ்லைடு போட்டார் என்ற கதையை நீ ஆயிரம் தடவை கேட்டிருக்கிறாய். தலை கால் புரியாமல் ஸ்லைடைத் தலைகீழாகச் செருகிவிட்டார், சனமெல்லாம் கழுத்தைச் சாய்த்து வாசித்தது, "மொதலாளி, பிள்ள தலைகீழாட்டா பெறந்துது?" என்று ஒருவர் கேட்டார், அதுவும் உனக்குத் தெரியும். ஆனால் அந்தக் கண்ணாடியை அவர் எடுத்து வைத்திருந்தார் என்பது எனக்கே தெரியாது. மேலே இன்னொரு கண்ணாடி வைத்து, ஓரமெல்லாம் நாடா ஒட்டி, பத்திரமாக வைத்திருந்தார் மக்கா. அவர் கையெழுத்து, சுவரளவு பெரிசாக. கூட்டத்தில் ஒருவர், "எலே, அது இப்பம் மஸ்கட்டுல இருக்கிய பயலாக்கும்!" என்றார். எல்லாரும் சிரித்தார்கள். நான் சுண்ணாம்புக் கையோடு முகத்தைத் துடைத்து, கண்ணெல்லாம் எரிந்து, பிந்துதான் தண்ணீர் கொண்டு வந்தாள்.

அவள் என்ன சொன்னாள் தெரியுமா? "அம்மே, ஞங்ஙளுடெ கல்யாணத்தினும் இதுபோலெ ஒரு ஸ்லைடு இடாமோ?" என்றாள். ‘போடலாம் மோளே, ஆனால் அதற்குள் திரையை இடித்து மணமேடை கட்டிவிடுவானே அவன், உனக்கு மண்டபம்தானே ஆசை’ என்றேன். அவள் முழித்தாள். "ஞான் ஆடிட்டோரியம் வேணமெந்நு பறஞ்ஞிட்டில்லல்லோ. சேட்டன் சோதிச்சிட்டுமில்லா" என்றாள். மண்டபம் வேண்டும் என்று அவள் சொல்லவும் இல்லையாம், நீ கேட்கவும் இல்லையாம். அவள் பேரைச் சொல்லித்தான் என்னிடம் சம்மதம் வாங்கினாய். அதற்காக உன்னைத் திட்டப்போவதில்லை, அது உன் அப்பாவின் ரத்தம். அடுத்தவர் மனம் நோகக்கூடாது என்று அவர்களுக்காக நாமே முடிவைச் செய்துவிடுகிற குணம். அன்புதான். ஆனால் அந்த அன்பில் நான் பாதிப் படத்தோடு வாழ்ந்தேன். பிந்துவிடம் கேட்டுச் செய். அவள் ‘வேண்டாம்’ என்று சொல்வதைக் காது கொடுத்துக் கேட்கப் பழகு.

நீ சொல்லப்போவதும் எனக்குத் தெரியும். ‘எல்லா வீட்டிலும் டிவி வந்தாச்சு, கேசட் வந்தாச்சு, ஒரு நாள் பாட்டுக்கு வந்த கூட்டம் தினம் வருமா?’ வராமல் போகலாம். ஆழம் தெரியாமல் காலை விடாதே என்று உனக்குச் சொல்லிக் கொடுத்தவளே நான்தான். இரண்டு வருடம் ஓட்டிப் பார்த்து ஈ ஓட்டுகிற நிலைமை வந்தால், நானே கடப்பாரை எடுத்துக் கொடுக்கிறேன். கல்யாணத்துக்கும் யோசித்து வைத்திருக்கிறேன்: தாலிகட்டு கோயிலில், சாப்பாடு கொட்டகை முற்றத்தில் பந்தல் போட்டு, பாயசம் முடிந்ததும் வந்தவர்கள் அத்தனை பேருக்கும் மாட்னி. காட்டாக்கடையில் எந்தச் சம்பந்திக்கும் இப்படி ஒரு உபசாரம் நடந்திருக்காது.

இனி ஈஸ்டர் அன்றைக்கு நடக்கப்போவதைக் கேட்டுக்கொள். நான் வரவழைத்திருப்பது எந்தப் படம் என்றால், கல்யாண வீட்டில் நான் சண்டை போட்டேனே, அதே படம். பழைய பிரிண்ட் ஒன்று நாகர்கோவிலில் கிடைத்தது. கேபினில் மேஜை மேல் ஒரு கண்ணாடி கரி பூசி வைத்திருக்கிறேன், பக்கத்தில் ஒரு ஊசி. அது உனக்கு. நீ சனிக்கிழமை வந்து இறங்கி, எல்லாவற்றையும் சுற்றிப் பார், திரையைத் தட்டிப் பார், கேபினில் ஜன்னலை மூடிக்கொண்டு கொஞ்ச நேரம் உட்கார்ந்து பஸ் தலைகீழாகப் போவதைப் பார். அப்புறம் அந்தக் கண்ணாடியில் எழுது. கொட்டகையா, மண்டபமா, உன் மனதில் இருப்பது எதுவோ அதை. கரியில் கீறினால் அழித்து எழுத முடியாது, ஆகவே யோசித்து எழுது. என்னிடம் முன்கூட்டிச் சொல்லாதே. இடைவேளையில் செல்லப்பண்ணன் அதைத் திரையில் போடுவார். ஊரோடு சேர்ந்துதான் நானும் வாசிப்பேன், என்ன எழுதியிருந்தாலும் சத்தமாக வாசிப்பேன்.

ஒன்றே ஒன்று. அம்மா அழுவாளே என்று உன் அப்பாவைப் போல எனக்காக முடிவை மாற்றிவிடாதே. அந்தப் பெண் சாகிறாளா பிழைக்கிறாளா என்பதை இந்தத் தடவை நான் என் கண்ணாலேயே பார்க்கப்போகிறேன். மண்டபம் என்று நீ எழுதியிருந்தாலும், விளக்கு மறுபடி அணையும்போது நான் என் நாற்காலியில்தான் இருப்பேன், எழுந்து வரமாட்டேன். ரெப் அன்றைக்கும் வருகிறார், நல்ல பசியோடு இருப்பார். அரிசி பெரிய பானையில் இருக்கிறது, மீன் ஸ்டெல்லா கழுவியே கொண்டு வந்து வைப்பாள்.

சோறு நீ வை.

அம்மா